கோமா என்பது தூக்கம் இல்லை

பெரியப்பா ஐசியுவில் இருந்த நாட்களில், பார்வையாளர் நேரம் முடிந்து வெளியே வரும் பெரியம்மா எங்களிடம் தினமும் சொன்னது ஒன்றேதான்: "நல்லா தூங்குறாரு." பார்த்தால் அப்படித்தான் தெரியும். கண் மூடியிருந்தது, நெற்றியில் சுருக்கம் இல்லை, நெஞ்சு சீராக ஏறி இறங்கியது, அந்தச் சீர் வென்டிலேட்டருடையது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. தூங்குகிறவர் என்றால் எழுப்பிவிடலாமே, அதனால் தினமும் காதோரம் குனிந்து "என்னங்க... என்னங்க..." என்று கூப்பிட்டுப் பார்ப்பார்.

அவரைத் திருத்த அப்போது எனக்கு மனம் வரவில்லை. சொல்லப்போனால் எனக்கும் அவ்வளவாகத் தெரியாது. அதற்கப்புறம் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, நம்மில் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். விழிப்புதான் மூளையின் இயல்பு, களைத்தால் கொஞ்சம் அணைகிறது, அது தூக்கம், ரொம்பவே அணைந்துபோனால் கோமா என்று ஒரே ஏணியின் மூன்று படிகளாக நினைக்கிறோம். உண்மையில் விழிப்பு தானாக இருக்கும் ஒன்று இல்லை. மூளையின் அடியில், கழுத்துக்குச் சற்று மேலே இருக்கும் மூளைத்தண்டிலும் அதை ஒட்டியும் உள்ள சின்னச் சின்ன நரம்பணுக் கூட்டங்கள் நொடிக்கு நொடி அதை உண்டாக்கி மேலே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தூக்கமும் அதேபோல மூளை முனைந்து செய்கிற வேலைதான். கோமாவில்தான் அந்த வேலையே நின்றுபோகிறது.

இதை முதலில் கண்டுகொண்டவர் வியன்னாவில் இருந்த மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1916–17இல், ஒரு விசித்திரமான மூளைக்காய்ச்சல் நோயாளிகள் அவரிடம் வரத் தொடங்கினார்கள். பலர் நாள் முழுக்கத் தூங்கினார்கள். எழுப்பினால் கண் திறந்து ஓரிரு வார்த்தை பேசி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடி தூங்கிவிடுவார்கள். வேறு சிலருக்கு நேர் எதிர்: நாட்கணக்கில் தூக்கமே வரவில்லை. ஒரே நோய், இரண்டு எதிரெதிர் விளைவுகள். இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்தபோது, தூங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியின் பின்பக்கமும் அது மூளைத்தண்டின் உச்சியான நடுமூளையோடு சேரும் இடமும் கெட்டிருந்தன, தூக்கம் இழந்தவர்களுக்கு ஹைப்போதலாமஸின் முன்பகுதி கெட்டிருந்தது. அப்படியானால் விழித்திருக்க வைக்க ஓர் இடம், தூங்க வைக்க இன்னோர் இடம் என்று மூளைக்குள் இரண்டு இருக்க வேண்டும் என்றார் எகனாமோ. மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் முறைகூட இல்லாத காலத்தில் சொன்னது அது. மனிதரின் இஇஜியை, அதாவது அந்த மின்னலைப் பதிவை, ஹான்ஸ் பெர்கர் வெளியிட்டது 1929இல்தான். எகனாமோ காட்டிய இரண்டு இடமும் பெரும்பாலும் சரி என்று பிற்பாடு தெரிந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் உடனே யாரும் அவர் பக்கம் சாயவில்லை. வெளியிலிருந்து சத்தம், வெளிச்சம், தொடுதல் வந்துகொண்டிருக்கும் வரை மூளை விழித்திருக்கும், அவை குறைந்தால் தூங்கும் என்பதுதான் அன்றைய பொதுக் கருத்து. 1935இல் பெல்ஜியத்தின் பிரெடரிக் பிரெமர் பூனைகளில் செய்த சோதனை அதையே உறுதிசெய்வதுபோல இருந்தது. மூளைத்தண்டின் கடைசிப் பகுதியான முகுளத்துக்குக் கீழே, தண்டுவடம் தொடங்கும் இடத்தில் வெட்டினால் பூனையின் மூளை வழக்கம்போல விழித்தும் தூங்கியும் இருந்தது. இன்னும் மேலே, நடுமூளையில் வெட்டினால் தூக்கத்தில் காணும் மெதுவான அலைகள் மட்டுமே வந்தன. புலன்களின் செய்தி நின்றுபோனதால் தூங்கிவிட்டது என்று பிரெமர் விளக்கினார்.

1949இல் ஜூசெப்பே மொருஸியும் ஹொரேஸ் மகூனும் அந்த விளக்கத்தை மாற்றினார்கள். மயக்கத்தில் இருந்த பூனையின் மூளைத்தண்டுக்கு நடுவில், வலைப்பின்னல் மாதிரி பரவியிருக்கும் நரம்பணுப் பகுதியில், மெல்லிய மின்தூண்டல் கொடுத்தார்கள். புலன் செய்திகள் போகும் பாதை அதற்கு வெளிப்பக்கமாக இருக்கிறது, அதை அவர்கள் தொடவில்லை. அப்படியும் பெரிய மெதுவான அலைகள் மறைந்து, விழித்திருக்கும் மூளையின் சின்ன வேகமான அலைகள் வந்துவிட்டன. மூளையை எழுப்பும் ஓர் அமைப்பு மூளைக்கு உள்ளேயே இருக்கிறது என்பது அதிலிருந்து உறுதியானது. பிரெமர் வெட்டியது புலன்களின் பாதையை மட்டும் இல்லை, இதையும் சேர்த்துத்தான்.

அந்த வலைப்பின்னலுக்குள் இருப்பவை ஒரே மாதிரியான நரம்பணுக்கள் அல்ல என்பது அப்புறம் தெரிந்தது. மூளைத்தண்டின் நடுவில் பான்ஸ் எனப்படும் பகுதியில் லேசான நீல நிறத்தில் ஒரு புள்ளி, அதில் சில பத்தாயிரம் நரம்பணுக்கள்தான், ஆனால் அவற்றின் கிளைகள் கிட்டத்தட்ட மூளை முழுக்கப் போய் நார்அட்ரினலினைத் தூவுகின்றன. பக்கத்தில் செரோட்டோனின் சுரப்பவை, அசிட்டைல்கோலின் சுரப்பவை, டோபமின் சுரப்பவை, ஹைப்போதலாமஸின் பின்பகுதியில் ஹிஸ்டமின் சுரப்பவை. சளிக்கோ அரிப்புக்கோ பழைய வகை மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டு மதியம் முழுக்கக் கண் சொக்கிய அனுபவம் பலருக்கும் இருக்கும். மூக்கில் ஹிஸ்டமினைத் தடுக்கப் போட்ட மாத்திரை மூளைக்குள்ளும் நுழைந்து, நம்மை விழிக்க வைக்கும் ஹிஸ்டமினையும் தடுத்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

இத்தனையையும் ஒரே நேரத்தில் அடக்குவது யார்? எகனாமோ சொன்ன அந்த முன்பகுதியேதான். அங்கே இருக்கும் ஒரு சிறு கூட்டம் தூக்கத்தின்போது மட்டும் சுறுசுறுப்பாகிறது, காபா என்னும் அடக்கும் வேதிப்பொருளைக் கொண்டு விழிப்பு மையங்கள் எல்லாவற்றின் வாயையும் மூடுகிறது. விழித்திருக்கும்போது அந்த மையங்கள் திருப்பி இதை அடக்குகின்றன. பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகைபோல, ஒரு பக்கம் மேலே போனால் மறுபக்கம் கீழே, நடுவில் நிற்பது கடினம். தூக்கம் வருவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் புரண்டாலும், விழுகிற அந்தக் கணம் மட்டும் எப்போதும் நமக்குத் தெரியாமலே கடந்துபோகிறது, அதற்கு இந்தப் பலகைதான் காரணம் என்று தோன்றுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கி விழுபவரைப் பார்த்திருப்பீர்கள். தலை மெல்ல முன்னால் சாயும், மோவாய் நெஞ்சில் படும், வெடுக்கென்று நிமிர்ந்து "தூங்கலையே" என்பார், அவர் பொய் சொல்லவில்லை.

இப்படிச் சட்டென்று மாறும் பலகைக்கு ஓர் ஆபத்தும் இருக்கிறது: பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டால்? அதைத் தடுக்க, விழிப்புப் பக்கத்தை ஒரு கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஒரெக்சின் என்னும் பொருள் அது, அவற்றில் ஒரு குழு அதற்கு வைத்த பெயர் ஹைப்போகிரெட்டின். இதைச் சுரக்கும் நரம்பணுக்கள் மனித மூளையிலேயே சில பத்தாயிரம்தான் இருக்கின்றன. நார்கோலெப்ஸி என்னும் நோய் உள்ளவர்களின் மூளையில் அவற்றில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு அழிந்திருப்பதை 2000இல் கண்டார்கள். அவர்கள் பகலில் நினைத்த இடத்தில் தூங்கிவிடுவார்கள். அதைவிடக் கொடுமை, ஏதாவது கேட்டு வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடிந்து கீழே விழுவார்கள், நினைவு தெளிவாக இருக்கும், உடல் மட்டும் துவண்டுபோகும். அவர்களைச் சோம்பேறி என்று சொல்வது பெரிய அநியாயம். பல வருடம் அப்படிச் சொல்லப்பட்ட பிறகுதான் பலருக்கு நோயின் பெயரே தெரியவருகிறது.

சரி, பலகை எப்போது சாய வேண்டும் என்று யார் சொல்வது? இரண்டு கணக்குகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் விளக்கினார், இன்றைக்கும் அந்த விளக்கம்தான் அடிப்படை. ஒன்று கடன் கணக்கு: விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது, சேரச் சேரத் தூக்கம் அழுத்துகிறது, தூங்கினால் குறைகிறது. காபியில் இருக்கும் கஃபீன் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. கடன் அப்படியேதான் இருக்கும், கதவைத் தட்டுவது மட்டும் நமக்குக் கேட்காது. இன்னொன்று கடிகாரக் கணக்கு. கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்து ஒரு நாளைக் கணக்கிடுகின்றன, வெளிச்சமே இல்லாமல் விட்டாலும் 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான சுழற்சியில் அது ஓடிக்கொண்டிருக்கும், காலை வெளிச்சம் தினமும் முள்ளைத் திருத்தி வைக்கிறது. இரவு முழுக்கக் கண்விழித்தவருக்கு அதிகாலை நாலு மணிக்குத் தாங்கவே முடியாமல் இருந்தது காலை பத்து மணிக்குக் கொஞ்சம் தெளிந்துவிடுவது இதனால்தான். கடன் கூடியிருக்கிறது, ஆனால் கடிகாரம் அவரைத் தூக்கி நிறுத்துகிறது.

தூங்கிய பிறகு மூளை சும்மா கிடப்பதில்லை. மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் வெளிச்செய்திகளை மூளையின் மேலடுக்கான புறணிக்குக் கடத்துவதைக் குறைத்துக்கொண்டு தனக்குள் ஒரு தாளத்துக்குப் போகிறது, ஆழ்ந்த தூக்கத்தில் புறணியின் நரம்பணுக்கள் நொடிக்கு ஒன்றிரண்டு முறையோ அதைவிட மெதுவாகவோ ஒன்றாகச் சுடர்ந்து ஒன்றாக அடங்குகின்றன. சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை கனவுத் தூக்கம் வருகிறது. இதை யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தேனியல் கிளெய்ட்மனும் 1953இல் எழுதினார்கள். மூடிய இமைக்குக் கீழே விழிகள் ஓடும், இஇஜி விழித்திருப்பவருடையதுபோல இருக்கும், ஆனால் உடல் தசைகள் கட்டிப்போடப்பட்டிருக்கும். அந்தக் கட்டைப் போடுவதும் மூளைத்தண்டுதான். பான்ஸில் அந்தச் சின்ன இடத்தை மிஷெல் ஜூவே சேதப்படுத்தியபோது பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையைத் துரத்தின. மனிதர்களிலும் அந்தக் கட்டு அவிழ்ந்து, கனவில் வருகிறவரை நிஜத்தில் உதைப்பவர்கள் உண்டு. வயதானவர்களிடம் இது பார்கின்சன் நோய்க்குப் பல ஆண்டு முந்தைய அறிகுறியாகவும் இருக்கலாம், அதனால் வீட்டில் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூக்கத்தின் முக்கியமான அடையாளம், அதிலிருந்து எழுப்ப முடியும். இடி இடித்தாலும் எழாத தாய் பக்கத்தில் குழந்தை சிணுங்கினால் எழுந்துவிடுகிறாள் என்றால், தூக்கத்திலும் ஏதோ ஒன்று காவல் இருந்து சத்தங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கோமாவில் அந்தக் காவல் கிடையாது. கண் திறப்பதில்லை, தூக்க–விழிப்புச் சுழற்சி இல்லை, கூப்பிட்டாலும் கிள்ளினாலும் எழுவதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் "தூங்க வைக்கிறோம்" என்று ஆறுதலாகச் சொல்கிறார்களே, முழு மயக்கம்கூட உண்மையில் தூக்கத்தைவிடக் கோமாவுக்குத்தான் நெருக்கம். மருந்தால் வரவழைத்து, மருந்தை நிறுத்தினால் மீளும் கோமா. அதனால்தான் வயிற்றைத் திறந்தாலும் எழாமல் இருக்கிறோம், அதனால்தான் மயக்க மருத்துவர் ஒரு நொடிகூட விலகாமல் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

கோமா வர இரண்டு வழிகள் உண்டு. பெருமூளையின் இரண்டு அரைக்கோளங்களும் ஒரே நேரத்தில் பரவலாகப் பாதிக்கப்படுவது ஒன்று. இதயம் நின்று ரத்தம் போகாதது, சர்க்கரை படுமோசமாக இறங்கியது, கல்லீரலோ சிறுநீரகமோ செயலிழந்து நச்சு சேர்ந்தது, மருந்து அதிகமாகப் போனது. உடல் எடையில் 2 சதவீதம்தான் இருக்கும் மூளை உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது, அதற்குச் சொல்லும்படியான சேமிப்பு எதுவும் இல்லை, ரத்த ஓட்டம் நின்றால் பத்து நொடி வாக்கில் நினைவு போய்விடும். நினைவில்லாமல் யாரைக் கொண்டுவந்தாலும் அவசரப் பிரிவில் முதல் வேலைகளில் ஒன்றாக விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது இதற்காகத்தான், உடனே சரிசெய்யக்கூடிய காரணம் அது.

இன்னொரு வழி, மூளைத்தண்டில் அந்த விழிப்பு அமைப்பே அடிபடுவது. ஒரு பக்க அரைக்கோளத்தையே முழுதாக எடுத்துவிட்டவர்கள்கூட விழித்து நடமாடுகிறார்கள். ஆனால் பான்ஸின் மேல்பகுதியில் ஒரு சின்னக் கசிவு போதும். மூளைத்தண்டு பாதிக்கப்பட்ட 36 பேரின் ஸ்கேன்களை ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கோமாவில் இருந்தவர்களையும் நினைவோடு இருந்தவர்களையும் பிரித்துக்காட்டிய இடத்தின் அளவு சுமார் இரண்டு கன மில்லிமீட்டர். அரிசி மணியைவிடச் சின்னது. பெரியப்பாவுக்கு நடந்தது இரண்டும் கலந்தது. ரத்தம் கசிந்தது பெருமூளையின் ஒரு பக்கத்தில்தான், அது மட்டும் என்றால் கோமா வந்திருக்காது, ஆனால் வீங்கிய மூளைக்கு மண்டையோட்டுக்குள் போக இடமில்லாமல் கீழ்நோக்கி மூளைத்தண்டை அழுத்தியது. ஒரு கண்ணின் பாவை மட்டும் அகலமாக விரிந்திருப்பதை டார்ச் அடித்துப் பார்த்த டியூட்டி டாக்டர் அடுத்த வார்த்தை பேசாமல் போனை எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்பாவையைச் சுருக்கும் நரம்பு மூளைத்தண்டை ஒட்டியே வருகிறது, அழுத்தம் முதலில் தெரிவது அங்கேதான். அன்றிரவே அறுவைச் சிகிச்சை நடந்தது.

அதன் பிறகு தினமும் கேட்டது அந்த எண்ணைத்தான்: "ஜிசிஎஸ் எவ்வளவு?" 1974இல் கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேலும் பிரயன் ஜென்னட்டும் உருவாக்கிய கிளாஸ்கோ கோமா அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, கைகால் அசைவுக்கு 6 வரை. மொத்தம் 15, ஒன்றுமே செய்யாவிட்டாலும் 3, எட்டும் அதற்குக் கீழும் பொதுவாகக் கோமா. நர்ஸ் பேனாவை வைத்து விரல் நகத்தை அழுத்தியபோது பெரியம்மா "வலிக்கப் போகுதுமா" என்றார். வலிக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அதைச் செய்கிறார்கள். கையை அவர் விலக்கிக்கொள்கிறாரா, மடக்குகிறாரா, விறைப்பாக நீட்டுகிறாரா என்பதில் மூளை எந்த மட்டம் வரை வேலை செய்கிறது என்பது தெரிகிறது.

கோமா பொதுவாக வருடக்கணக்கில் நீடிப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. உயிர் தங்கியவர்களுக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் கண் திறந்துவிடும், மூளைத்தண்டு ஓரளவு மீண்டு தூக்க–விழிப்புச் சுழற்சியைத் தொடங்கிவிடும். குடும்பத்துக்கு மிகக் கொடுமையான நேரம் அங்கேதான் தொடங்குகிறது. பெரியப்பா 17ஆம் நாள் கண் திறந்தார். ஐசியு வாசலில் எல்லோரும் அழுதோம், சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போனது. மாலையில் மருத்துவர் உட்கார வைத்துச் சொன்னார்: கண் திறந்திருக்கிறது, உணர்வு வந்திருக்கிறதா என்று இன்னும் சொல்ல முடியாது.

விழிப்பு வேறு, உணர்வு வேறு. விழிப்பு மூளைத்தண்டின் வேலை, அந்த விழிப்பை வைத்துக்கொண்டு தன்னையும் சுற்றியிருப்பதையும் அறிவது புறணியும் தலாமஸும் சேர்ந்து செய்வது. கண் திறந்து, கொட்டாவி விட்டு, இரவில் தூங்கி, ஆனால் எதையும் அறிந்ததற்கு அடையாளமே இல்லாத நிலைக்கு 1972இல் ஜென்னட்டும் பிரெட் பிளமும் வைத்த ஆங்கிலப் பெயருக்குத் தாவரநிலை என்று பொருள். ஒரு மனிதருக்கு வைக்கும் பெயரா அது? இப்போது 'பதில்வினையற்ற விழிப்பு' என்ற பொருளில் வேறு பெயர் வந்துவிட்டது, அதையே எல்லோரும் சொல்லலாம் என்பது என் ஆசை. மூளைச்சாவு இதிலிருந்து முற்றிலும் வேறு. அதில் மூளைத்தண்டும் சேர்ந்து போய்விடுகிறது, தானாக மூச்சே வராது, அதிலிருந்து யாரும் மீண்டதில்லை. இன்னொரு பக்கம், பான்ஸின் முன்பகுதி மட்டும் அடிபட்டால் உணர்வு முழுதாக இருக்கும், ஆனால் கண்ணை மேலும் கீழும் அசைப்பதும் இமைப்பதும் தவிர ஒன்றும் செய்ய முடியாமல் ஒருவர் உள்ளே அடைபட்டுவிடுவார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இவர்கள் மூவரும் ஒரேபோலத் தெரியலாம்.

வெளியே ஒன்றும் தெரியாதவர்களில் சிலர் உள்ளே இருக்கிறார்கள் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. விபத்தில் அடிபட்டு ஐந்து மாதமாக எந்தப் பதிலும் இல்லாத 23 வயதுப் பெண்ணை 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய், வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாகக் கற்பனை செய் என்று சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் மூளையில் ஒளிர்ந்த இடங்கள் நலமாக இருப்பவர்களுக்கு ஒளிர்ந்த அதே இடங்கள். 2024இல் வெளியான பெரிய ஆய்வில், சொன்னதற்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை, எஃப்எம்ஆர்ஐயிலோ இஇஜியிலோ, சொன்னதைச் செய்தது. நாலில் ஒருவர். அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று "இனி ஒன்றும் இல்லை" என்று சத்தமாகப் பேசாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான். சிகிச்சை என்று பார்த்தால் கையில் இருப்பது குறைவு. ஃப்ளூவுக்காக வந்து பின்னர் பார்கின்சனுக்குப் பயன்பட்ட அமாண்டடின் என்னும் மருந்து, தலையில் அடிபட்டு இந்நிலையில் இருந்த 184 பேரில் நடந்த 2012 ஆய்வில், கொடுத்த நாலு வாரமும் மீட்சியை வேகப்படுத்தியது, நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்தது.

உணர்வு திரும்புவதன் முதல் அடையாளங்களில் ஒன்று, அசைகிற பொருளைக் கண் தொடர்வது. இதைச் சோதிக்க விரலையும் பேனாவையும் காட்டுவதைவிட ஒரு கண்ணாடியைக் காட்டுவது மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன, மற்றவற்றைத் தொடராத கண் தன் முகத்தைத் தொடர்கிறது. பெரியப்பாவின் கட்டிலுக்கு பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னக் கைக்கண்ணாடியோடு வந்தது 26ஆம் நாள். முகத்துக்கு நேரே பிடித்து, மெதுவாக இடது பக்கம் கொண்டுபோனார், ஒன்றும் இல்லை. திரும்ப வலது பக்கம், ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி இடது பக்கம் கொண்டுபோனபோது கண் கண்ணாடியோடு போனது, கண்ணாடி நின்ற இடத்தில் நின்றது. பெரியம்மா அன்றைக்கு வெளியே வந்து தூங்குகிறார் என்று சொல்லவில்லை. "பாத்தாரு" என்றார்.